டிராக் வண்டிக்கு இன்ஜின் வேலை கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: என் 1,85,000 ரூபாய் போய்விட்டது

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1,85,000 ரூபாய். கோவையில் பந்தய வண்டி வேலைக்கென்றே போர்டு வைத்திருக்கும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த பணம். வாங்கிக்கொண்டு, இன்ஜினை வெளியே துடைத்து, உள்ளே பழைய சாமான்களையே மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுதான் பிரித்துப் பார்த்தோம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நம்ம பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இப்போது டிராக் டேக்குப் (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) போகிறார்கள். வேலை கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எனக்கு ஊர் கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வண்டி 2004 மாருதி எஸ்டீம் கார். 1.3 லிட்டர் ஜி13பிபி இன்ஜின், 16 வால்வு, கம்பெனியில் வரும்போது 85 குதிரைத் திறன். பின்சீட்டை எடுத்து, ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பிக் கூண்டு) போட்டு, ஸ்பிரிங், டேம்பர் மாற்றி, செமி ஸ்லிக் டயர் போட்டு டிராக்குக்கென்றே தயார் செய்த வண்டி. இப்படி மாற்றிய வண்டியை எங்கள் பக்கம் ரோட்டில் ஓட்டினால் மோட்டார் வாகனத் துறை விடாது. அதனால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி, எல்லை ஊரான வேலந்தாவளம் வழியாகக் கோவைச் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். 2.1 கிலோமீட்டர் டிராக். சின்ன இன்ஜின் வண்டிக்கு அருமையான இடம்.

அங்கேதான் முதல் தடவை ராடு (பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி) தட்ட ஆரம்பித்தது. காரணம் ஆயில். நல்ல பிடிப்புள்ள டயரில் நீண்ட வளைவை வேகமாக எடுத்தால், ஓடுகிற பஸ்ஸில் தட்டில் வைத்த தண்ணீர் போல, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பக்கவாட்டு விசை 1 ஜி அளவுக்கு வந்தால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் இருக்கும். பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் காயும். டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்ப முடியாது. அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகுதான் அது எரியும். மூன்றாவது சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய ஓடு) இடம் விட்டுச் சுற்றிவிட்டது. இது எந்த டிராக் வண்டிக்கும் வரக்கூடிய கோளாறு, இதில் எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை. எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், ஒரேயடியாக நல்ல சாமான் போட்டுக் கட்டிவிடலாம் என்று நானும் மச்சானும் முடிவு செய்தோம்.

அந்தக் கடையின் சின்னச் சின்ன வீடியோக்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பளபளவென்ற தரை, சுவர் முழுக்க ஸ்பேனர், கண்ணாடிக் கூண்டுக்குள் இன்ஜின். நேரில் போனபோதும் அப்படியே இருந்தது. ஓனர் காபி வரவழைத்தார். என் கையில் ஒரு ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டனைக் கொடுத்து, "எடை பாருங்கண்ணா, அடியில பாருங்க, வார்ப்புக் கோடு இருக்காது, பூரா மெஷினிங்" என்றார். தரையில் சாக்பீஸால் சம்ப் படம் போட்டு, ஆயில் ஒதுங்காமல் நிறுத்தும் தடுப்புத் தகடு எங்கே வரும், ஆயில் எந்தப் பக்கம் அடைபடும் என்று காட்டினார். ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. இன்றைக்கு என்னைக் கொதிக்க வைப்பது அதுதான். வேலை தெரியாதவன் கெடுத்தால் ஒரு மாதிரி, எல்லாம் தெரிந்தவன் செய்யாமலே பணம் வாங்கினால் அதற்குப் பேர் திருட்டு.

"உங்க வண்டின்னு நெனைக்காதீங்கண்ணா, என் வண்டின்னு நெனைச்சுக் கட்டறேன்." இதே வார்த்தை. மச்சான் பக்கத்தில் நின்று கேட்டான்.

வேலைப் பட்டியலைப் போனில் எழுதி அனுப்பினார்: கிராங்க் 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங், அதற்கேற்ற அண்டர் சைஸ் பேரிங், 0.50 மில்லிமீட்டர் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), ஃபோர்ஜ்டு பிஸ்டன், புது ஆயில் பம்ப், சம்பில் தடுப்பு வெல்டிங், ஆயில் கூலர், ஆயில் பிரஷர் மீட்டர். அட்வான்ஸ் 1,00,000. வண்டி எடுக்கும்போது 85,000. தேங்காய் விற்ற பணம் அது. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "டிராக் வண்டிக்குப் பில் போட்டா உங்களுக்குத்தான் தொந்தரவு" என்று ஒரு துண்டுச்சீட்டு மட்டும் கொடுத்தார்கள். கழற்றிய பழைய பிஸ்டனைக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்ணா."

வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். சத்தமே இல்லை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகமாக விரியும், அதனால் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும், அப்படிப் போட்டால் குளிர்ந்த இன்ஜினில் லேசாகக் கடகடவென்று கேட்கும், சூடானதும் அடங்கிவிடும். இதை அவரே எனக்குச் சொல்லியிருந்தார். ஏன் கேட்கவில்லை என்றேன். "கிளியரன்ஸ் டைட்டா வெச்சிருக்கேனுங்ணா, நம்ம கை வேலை அது." சுற்றி நின்ற பசங்கள் தலையாட்டினார்கள்.

ரன்னிங் இன் (புதிதாகக் கட்டிய இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது) முடித்து டிராக்கில் இறக்கினேன். மெதுவாகப் போகும்வரை எல்லாம் சரி. வேகம் கூட்டியதும், நீண்ட வளைவில் பிரஷர் மீட்டர் முள் சட்டென்று கீழே விழுந்தது. வளைவு முடிந்ததும் ஏறியது. அடுத்த சுற்றிலும் அதே. உடனே டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் பிட்டுக்கு வந்து, இன்ஜினை அணைத்துவிட்டு ஓனருக்குப் போன் போட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? "அந்த சென்சார் அப்படித்தானுங்ணா காட்டும். அதிர்வுல முள் ஆடும். மீட்டரைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. உள்ள தடுப்பு போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது." அந்தத் தடுப்பு அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே ஓட்டச் சொன்னார்.

அவர் பேச்சை நம்பி மறுபடி டிராக்கில் இறங்கினேன். அப்புறம் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. என் டயருக்கு அடியிலேயே ஆயில். வண்டி முழுச்சுற்று சுற்றிப் புல்லில் போய் நின்றது. எனக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. அந்தத் தம்பி சமாளித்து விலகினான். அவன் சமாளிக்காமல் போயிருந்தால்? இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த ஓனரை என்னால் மன்னிக்க முடியாது. பணம் அதற்கு அடுத்ததுதான்.

பொள்ளாச்சியில் ஒரு லேத் பட்டறை, வயதான மேஸ்திரி. பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தோம். ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட்டால் அதன் தலையில் அளவு அச்சடித்திருக்கும். இதில் எதுவும் இல்லை. உடையாத சிலிண்டர்களை அளந்தார். 74 மில்லிமீட்டர், கம்பெனி அளவு, ரீபோரே நடக்கவில்லை. பிஸ்டன் அடியில் வார்ப்புக் கோடு அப்படியே தெரிந்தது. என் பழைய பிஸ்டனைக் கழுவிப் புது ரிங் மட்டும் போட்டிருக்கிறார்கள். பேரிங் ஓட்டின் முதுகில் 0.25 இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டாண்டர்ட் முத்திரை. கிராங்கை எமெரித் தாளால் தேய்த்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள். "பேரிங் சுத்துன கிராங்கைக் கிரைண்டிங் போடாம எவனாச்சும் கட்டுவானா கண்ணு?" என்றார் மேஸ்திரி. ஆயில் பம்ப் பழையது, உள்ளே கீறல். சம்பில் ஒரு வெல்டிங் பொட்டுகூட இல்லை. நான் கொடுத்த 1,85,000 ரூபாய்க்குப் புதிதாக வந்தவை வெளியே தெரிகிற ஆயில் கூலரும் மீட்டரும்தான். அந்த மீட்டர் ஒன்றுதான் எனக்கு உண்மையைச் சொன்னது. அதையும் பார்க்காதே என்றார்கள்.

போட்டோக்களோடு கடைக்குப் போனேன். ஓனர் முதலில், நான் இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்டு ஓவர் ரெவ் செய்துவிட்டேன் என்றார். போட்டோவைக் காட்டியதும், பார்ட்ஸ் கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான் என்றார். சரி, சம்பில் வெல்டிங் இல்லையே, அதையும் அவனா ஏமாற்றினான்? பதில் இல்லை. உள்ளே போய்விட்டார். கவுண்டரில் இருந்த பையன், "வேற பட்டறைல பிரிச்சுட்டீங்க சார், இனி எங்க பொறுப்பில்ல" என்கிறான். அதுவரை அண்ணா, அதற்கப்புறம் சார். திரும்பவும் போன் செய்தபோது ஓனரே எடுத்து, "டிராக் வண்டிக்கு எவனும் வாரண்டி தரமாட்டான். கேரளா ரெஜிஸ்ட்ரேஷன், பூரா மாடிஃபை பண்ண வண்டி, எந்த முகத்தோட புகார் குடுப்பீங்க? எல்லை தாண்டி வந்து என்ன பண்ணுவீங்க?" என்றார். அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள். மச்சான் நம்பரையும்.

என்ன செய்வேன் என்று அவருக்கு இங்கேயே சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதனால் பாலக்காட்டில்தான் போடுகிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. பணம் போன பேங்க் பதிவு, வேலைப் பட்டியல், பிரித்த போட்டோ எல்லாம் கையில் இருக்கிறது. மாடிஃபை செய்த வண்டி என்பதால் செய்யாத வேலைக்குப் பணம் வாங்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். பிஸ்டன் தலையையும் பேரிங் முதுகையும் மூடுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், போட்டோ எடுங்கள். வளைவில் ஆயில் முள் விழுந்தால் யார் என்ன சொன்னாலும் ஓட்டாதீர்கள். புகாருக்கு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

கோவையில் சமீபத்தில் சம்ப் தடுப்பு, ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்று பணம் கட்டி, பழைய சாமான் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்ற பதிலோடு வண்டி எடுத்து வந்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்த டிராக் டேக்கு முன்னால் ஆயிலை வடித்துச் சம்பைக் கழற்றிப் பாருங்கள். அரை நாள் வேலைதான்.