முகாம் குளியலறைக்கு எது தாங்கும்: டேங்க் கீசரா, கேஸ் கீசரா?

வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பார்கள். முகாமில் விளையாட்டு முடிந்ததும் 40 பேர் துண்டோடு ஒன்றாக வந்து நிற்பார்கள். அந்தக் குழு கிளம்பிய பிறகு பத்துப் பதினைந்து நாள் குழாயே திறக்கப்படாது. இந்த நெரிசலையும் சும்மா கிடப்பதையும் சேர்த்துத் தாங்குகிற கீசர்தான் முகாமுக்கு உதவும்.

முதலில் கணக்கு. ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 40 லிட்டர். குழாய்த் தண்ணீர் 20 டிகிரி, டேங்கில் 60, குளிப்பது 40 என்று வைத்தால் பாதிக்குப் பாதி கலக்கும். ஆளுக்கு 20 லிட்டர் வெந்நீர், 40 பேருக்கு 800. எடுக்க எடுக்க அடியிலிருந்து பச்சைத் தண்ணீர் ஏறுவதால் டேங்கின் கொள்ளளவில் சுமார் 70 சதவீதம்தான் நல்ல சூட்டில் வரும். ஆகவே 300 லிட்டர் டேங்க் நான்கு வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் ஒரு டேங்கைச் சூடாக்க 4 மணி 40 நிமிடம் எடுக்கும். மாலைக் குளியலுக்கு மதியமே சுவிட்சைப் போட்டாக வேண்டும். ஷவர் தலையை 6 லிட்டருக்கு மாற்றினால் 600 லிட்டர் வெந்நீரே போதும், ஒரு டேங்க் மிச்சம். கீசர் வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

கேஸ் கீசருக்குச் சேமிப்பு வேண்டாம், கடைசி ஆளுக்கும் அதே சூடு கிடைக்கும். அது உண்மையான பலம். ஆனால் நான்கு ஷவர் சேர்ந்து ஓடினால் நிமிடத்துக்கு 32 லிட்டர். அதை 20 டிகிரி ஏற்ற 45 கிலோவாட் வேண்டும், அதாவது 24 கிலோவாட் யூனிட் இரண்டு. முழு வேகத்தில் ஒவ்வொன்றும் மணிக்கு 2 கிலோவுக்கு மேல் எரிவாயு குடிக்கும். ஒற்றைச் சமையல் சிலிண்டரால் அவ்வளவு வேகமாக ஆவி தர முடியாது. சிலிண்டரின் வெளிப்புறம் வேர்த்து, பிறகு பனி பூத்து, அழுத்தம் விழுந்து, சுடர் அணையும். பழுது கீசரில் என்று நினைத்து அதைப் பிரிக்காதீர்கள். பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைப்பதுதான் தீர்வு.

இன்னொரு தொல்லை: சூடு அதிகம் என்று வெந்நீர்ப் பக்கத்தை மூடிக்கொண்டே போனால், ஓட்டம் நிமிடத்துக்கு 2, 3 லிட்டருக்குக் கீழே இறங்கியதும் கீசர் தானாக நின்றுவிடும். சோப்பு போட்ட தலையில் பச்சைத் தண்ணீர் விழும்.

பராமரிப்பில் இரண்டுக்கும் எதிரி உப்புப் படிவுதான். டேங்கில் அது அடியில் தங்கும். கெட்டில் கொதிப்பது போல உறுமல் கேட்டால் வடிகால் வால்வைத் திறந்து கழுவ வேண்டும். கேஸ் கீசரின் மெல்லிய செப்புக் குழாயில் அதே படிவு ஓட்டத்தையே அடைக்கும். இரு பக்க வால்வையும் மூடி, சிறிய பம்ப், வாளி, இரண்டு ஹோஸ் வைத்து 10 முதல் 15 லிட்டர் வெள்ளை வினிகரை 45 நிமிடமாவது சுற்றவிட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மாட்டும்போதே சர்வீஸ் வால்வு வைக்காதவர்களுக்கு இதற்கே குழாயை அறுக்க வேண்டி வரும். மரங்களுக்கு நடுவே உள்ள முகாமில் புகைக்குழாயில் குளவி கூடு கட்டும். அடைபட்ட புகைக்குழாய் கார்பன் மோனாக்சைடை உள்ளே தள்ளும், அது உயிரை எடுக்கும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது.

டேங்கில் மறக்கப்படுவது மக்னீசிய ஆனோடு ராடு. டேங்கின் இரும்புக்குப் பதிலாக அது அரிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டும். மேலிருந்து இழுக்கும் வகை என்றால் ராடின் நீளத்துக்கு மேலே இடம் தேவை, இல்லாவிட்டால் கண்ணி கண்ணியாக மடங்கும் ராடு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா கிடந்த டேங்கில் இந்த ராடிலிருந்து ஹைட்ரஜன் சேரும். முதல் குழு வருவதற்கு முன் பக்கத்தில் நெருப்பில்லாமல் வெந்நீர்க் குழாயைச் சில நிமிடம் திறந்து விடுங்கள். ‘புஸ்’ என்று காற்று வந்து ஓயும். அழுகிய முட்டை வாடையும் வரலாம்.

தேங்கிய இளஞ்சூட்டில், 20 முதல் 45 டிகிரிக்குள், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். அதனால் டேங்க் 60 டிகிரியில் இருக்கட்டும், எல்லா ஷவரையும் முன்கூட்டியே ஓட்டிக் கழுவுங்கள். அதே 60 டிகிரி தோலை ஏறக்குறைய 5 நொடியில் பொசுக்கும். குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. குளியலறைக்குப் போகும் குழாயில் வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து விடும் கலப்பு வால்வு வைத்து 49 டிகிரிக்குள் நிறுத்துவது கட்டாயம்.

டேங்கில் அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதன் வாயை அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 300 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் 4.5 லிட்டர் விரியும். தண்ணீரைப் பின்னோக்கிப் போக விடாத ‘திரும்பாத வால்வு’ இருக்கும் குழாயில் அது போக இடமில்லாமல்தான் சொட்டுகிறது. விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் சிறு தொட்டியான விரிவுக் கலன் வையுங்கள்.

ஒதுக்குப்புற முகாமின் பொதுக் குளியலறைக்கு என் தேர்வு டேங்க்தான், அதுவும் ஒரே மாடலில் நான்கு. ஒன்று படுத்தாலும் மற்ற மூன்று ஓடும். எலிமென்ட், தெர்மோஸ்டாட், பாதுகாப்பு வால்வு தலா ஒன்றும், கேஸ்கெட் (இணைப்பில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இரண்டும் அலமாரியில் இருந்தால், மின்வேலை தெரிந்த ஆள் அரை நாளில் முடித்துவிடுவார். மெயினை அணைத்து எலிமென்டை ஓம் மீட்டரில் பார்த்தால் 230 வோல்ட், 3 கிலோவாட்டுக்கு 17 அல்லது 18 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. டேங்க் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் கொட்டும் வரை சுவிட்சைப் போடாதீர்கள், புது எலிமென்ட் நிமிடங்களில் கருகும். கேஸ் கீசரில் சர்க்யூட் போர்டு போனால் அந்த மாடலுக்கே உரிய போர்டு வர வேண்டும், குழு காத்திருக்காது. மின் இணைப்பு பலமில்லாத இடத்திலும், தனிக் குடில், சமையலறை போன்ற ஒரு குழாய் இடங்களிலும் கேஸ்தான் சரி.

ஒழுகுகிறது என்பதற்காக உடனே டேங்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத் துண்டு சுற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எலிமென்ட் விளிம்பில் நனைந்தால் கேஸ்கெட், வால்வில் நனைந்தால் வால்வு. எந்தக் காகிதமும் நனையாமல் உறையின் அடியிலிருந்து துருநீர் வந்தால் உள்தொட்டி ஓட்டையாகிவிட்டது. அதைப் பற்றவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.