உளுந்து விற்க எங்கே போவது: கண்காட்சிக்கா, மாநாட்டுக்கா, விருதுநகருக்கா?

தை பிறந்தால் ரங்கூன் பயறு வியாபாரிகளிடம் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். துவரை மூட்டைகள் பயின்நவுங் சந்தைக்கு வந்துகொண்டிருக்கும், பெகுப் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து முற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்து சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும்: இன்ன ஊரில் மாநாடு, இன்ன ஊரில் உணவுக் கண்காட்சி, இன்ன ஊருக்கு வர்த்தகக் குழு போகிறது, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். கொடுக்கலாமா?

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூட்டை மூட்டையாக உளுந்து விற்கிறவரும், லபெட் என்கிற ஊறிய தேயிலையையும் வறுத்த பயறையும் பாக்கெட்டில் அடைத்து விற்கிறவரும் ஒரே துறைமுகத்தில் சரக்கு ஏற்றினாலும் அவர்கள் தேடும் ஆட்கள் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் எல்லாரையும் ஒரே விமானத்தில் ஏற்றுவதால்தான் பாதிப் பேர் வெறும் விசிட்டிங் கார்டுகளோடு திரும்புகிறார்கள்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஆகஸ்டிலிருந்து டாலருக்கு அதிகாரப்பூர்வ விலை 2,100 கியாட். ஆனால் டிக்கெட்டும் ஓட்டலும் ஸ்டால் வாடகையும் வெளிவிலையில் வாங்கிய டாலரில்தான் போகும், அது இதைப்போல் இரண்டு மடங்கு ஆனாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதனால் ‘சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்’ என்கிற பேச்சு இப்போது எடுபடாது.

முதலில் பெரிய உணவுக் கண்காட்சிகள். நமக்குப் பக்கத்தில் இருப்பது பாங்காக் தாய்ஃபெக்ஸ், மே மாதக் கடைசி வாக்கில் இம்பாக்ட் அரங்கத்தில் நடக்கிறது. துபாயில் கல்ஃபுட் வருஷா வருஷம். ஐரோப்பாவில் ஒற்றைப்படை ஆண்டில் கொலோனில் அனுகா, இரட்டைப்படை ஆண்டில் பாரிஸில் சியால். இங்கெல்லாம் வருகிறவர்கள் சூப்பர்மார்க்கெட்டுக்குக் கொள்முதல் செய்கிறவர்கள், ஓட்டல்களுக்குச் சப்ளை செய்கிறவர்கள், புலம்பெயர்ந்தோர் மளிகைக் கடைகளுக்கு இறக்குமதி செய்கிறவர்கள். அவர்களுக்குப் புதுச் சுவை வேண்டும், நல்ல பாக்கெட் வேண்டும், அலமாரியில் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிய வேண்டும். உளுந்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் அழகாகத்தான் இருக்கும், நாலு பேர் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், ஒருத்தர் படம்கூட எடுப்பார். ஆனால் உளுந்தின் விலை அந்த அரங்கத்தில் பேசி முடிவாவதில்லை, அது சென்னையில் முடிவாகிறது. ஸ்டாலில் நிற்கும் நேரத்துக்கு போனில் சென்னை நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே லாபம்.

பாக்கெட் சரக்குக்காரர்களுக்குக் கதை வேறு. லபெட்டையும் வறுத்த மொச்சையையும் வாயில் போட்டுப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள், ஆகையால் ஆள் நடமாடும் இடத்தில் தட்டை நீட்டித்தான் ஆக வேண்டும். இதில் பாங்காக்குக்கே என் ஓட்டு. கொலோனுக்கு ஆகும் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும், சாம்பிள் அனுப்புவதும் எளிது, மலேசியா, சிங்கப்பூர் இறக்குமதியாளர்களும் அங்கேயே வந்துவிடுகிறார்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். 2009-ல் ஆரமின் ஓ என்கிற துணிச் சாயம் கலந்ததாக 43 லபெட் பிராண்டுகளை நம் சுகாதார அமைச்சகமே தடை செய்தது, சிங்கப்பூர்க்காரர்களும் பல வகைகளின் விற்பனையை நிறுத்தினார்கள். கொள்முதல்காரர்களில் வயதானவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. தட்டில் இருக்கிற லபெட்டுக்குப் பக்கத்திலேயே ஆய்வகச் சான்றிதழின் நகல் இருக்க வேண்டும், கேட்ட பிறகு மெயிலில் அனுப்புகிறேன் என்றால் அவர் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார். பலச்சாங் மாதிரி இறால் சேர்ந்த சரக்கென்றால் ஐரோப்பாவை இப்போதைக்கு மறந்துவிடலாம், அங்கே இறால் எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதிலிருந்து கேள்வி ஆரம்பிக்கும், அந்த ஆலை அவர்களுடைய அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும்.

அடுத்தது பயறு மாநாடுகள். உலகப் பயறு கூட்டமைப்பு நடத்துவது ஒன்று, இந்தியப் பருப்பு தானிய வணிகர் சங்கம் நடத்துவது இன்னொன்று. கூட்டமைப்பின் மாநாடு 2024 பிப்ரவரியில் தில்லி பாரத் மண்டபத்தில் நாஃபெட் என்கிற இந்தியக் கூட்டுறவு அமைப்போடு சேர்ந்து நடந்தது, 2025 மே மாதம் சிங்கப்பூரில் நடந்தது. கண்காட்சியோடு ஒப்பிட்டால் இங்கே கூட்டம் குறைவு, ஆனால் வருகிறவர் எல்லாரும் பயறுக்காரர். ஆஸ்திரேலியக் கொண்டைக்கடலை, கனடா மைசூர்ப் பருப்பு, ஆப்பிரிக்கத் துவரை, இப்போது பிரேசில் உளுந்து, எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இந்த மாநாடுகளால் ஆர்டர் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கிடைப்பது செய்தி. இந்திய அதிகாரி மேடையில் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், பிரேசில்காரர்கள் அடுத்த வருஷம் எவ்வளவு விதைக்கப் போகிறார்கள், ஆப்பிரிக்காவில் மழை எப்படி, இதையெல்லாம் மேடையைவிட நடைபாதையிலும் சாப்பாட்டு வரிசையிலும்தான் கேட்க முடியும். பத்துக் கண்டெய்னருக்கு மேல் கையிருப்பு வைக்கிறவருக்கு அந்தச் செய்திக்குக் கொடுக்கும் காசு தகும். வாங்கி உடனே விற்கும் சின்ன வியாபாரிக்கு அது தேவையில்லை, போய்விட்டு வந்த பெரியவர் ஒருத்தரிடம் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

தில்லியா, சிங்கப்பூரா என்றால், சிங்கப்பூருக்கு நம் பாஸ்போர்ட்டில் விசா தொல்லை இல்லை, செலவு அதிகம். தில்லிக்கு விசா வேண்டும், ஆனால் வாங்குகிறவர்கள் அங்கேதான் மொத்தமாக வருவார்கள். ஆனால் பிப்ரவரியில் ஒரு சிக்கல் உண்டு. அப்போதுதான் நம் உளுந்து அறுவடையாகிறது, சரக்கு வந்து குவியும்போது விற்கிறவன் பேரம் இறங்கித்தான் இருக்கும். இதில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம், மைக் கிடைத்தால் போதும், இந்த வருஷம் எங்கள் நாட்டில் அமோக விளைச்சல் என்று பெருமையாக அறிவித்து விலையை நாமே இறக்கிவிட்டு வருவது.

மூன்றாவது, அரசாங்க அல்லது சங்க வர்த்தகக் குழு. இதைப் பற்றித்தான் அதிகம் கிண்டல் பேசுகிறோம், கொஞ்சம் நியாயமும் உண்டு. பஸ்ஸில் கூட்டிப் போவார்கள், ஒரு தொழிற்பேட்டையைக் காட்டுவார்கள், வட்ட மேசையில் ஒவ்வொருத்தருக்கும் சில நிமிஷம், சால்வை, குழுப் படம். முன்பு ஒரு குழுவில் போனபோது எங்களுக்கு எதிரே உட்கார வைக்கப்பட்டவர் டயர் வியாபாரி, உளுந்து வேண்டுமா என்று அவரிடம் கேட்டதற்கு அவர் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஆனால் 2017-ஐ மறக்கக் கூடாது. அந்த ஆகஸ்டில் இந்தியா துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. நாம் விளைவிக்கும் உளுந்தில் பெரும்பகுதி போவது அங்கேதான் என்பதால் இங்கே விலை விழுந்தது, விவசாயிகள் சிலர் வேறு பயிருக்கு மாறினார்கள். எந்த ஸ்டாலும் எந்த நல்ல சாம்பிளும் அந்தக் கதவைத் திறந்திருக்காது. 2021-ல்தான் இந்தியா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, அதே வருஷம் ஜூனில் ஐந்து ஆண்டுகளுக்கு வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகம் வழியாக வாங்குவதாக ஒப்பந்தம் வந்தது. அரசும் அரசும் உட்கார்ந்து பேசியதால் கிடைத்தது அது. ஆகவே சங்கச் சந்தாவை ஒழுங்காகக் கட்டுங்கள், குழுவில் பேசத் தெரிந்த இரண்டு பேரை அனுப்புங்கள், மற்றவர்கள் வீட்டில் இருக்கலாம்.

சீனா பக்கமும் இதே கதைதான். நானிங்கில் சீனா–ஆசியான் கண்காட்சி 2004-லிருந்து நடக்கிறது, பாசிப்பயறுக்கும் எள்ளுக்கும் அங்கே ஆள் உண்டு. ஆனால் 2022 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு உணவு ஆலைகள் சீனச் சுங்கத் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு இல்லாதவருக்கு நானிங் ஒரு சுற்றுலா. சீன எல்லையில் இருக்கும் மூசே சாலை எப்போது திறக்கும் எப்போது மூடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நாலாவது வழி. நான் சொல்ல வந்ததே இதைத்தான். வாங்குகிறவரை இங்கே வரவழைப்பது, முடியாவிட்டால் சாம்பிள் பையோடு அவர் ஆலை வாசலுக்கே போவது.

தமிழ்நாட்டில் நம் உளுந்தை உடைக்கிற ஆலைக்காரர்கள் விருதுநகரிலும் மதுரையிலும் சென்னையைச் சுற்றியும் இருக்கிறார்கள். அப்பளக்காரர்கள் மதுரையிலும் கல்லிடைக்குறிச்சியிலும் கும்பகோணத்திலும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு ‘பர்மா உளுந்து’ தெரியும், பர்மாவில் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாது. நடுவில் சென்னை இறக்குமதியாளர், அவருக்கும் நமக்கும் நடுவில் இரண்டு புரோக்கர். எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்) என்றும் எஸ்.க்யூ. (விசேஷத் தரம்) என்றும் இரண்டே தரத்தில் சரக்கு போகிறது. ஆனால் ஆலைக்காரர் பார்ப்பது பருமன் ஒரே மாதிரி இருக்கிறதா, ஈரம் எவ்வளவு, தோல் நீக்கினால் முழு உளுந்து எவ்வளவு தேறும், மாவு பொங்குமா, அப்பளம் வெளுப்பாக வருமா என்று. இவ்வளவையும் அந்த இரண்டு பெயருக்குள் அடக்க முடியாது. பெகுவில் சுத்திகரிப்பு மில்லில் நின்று அவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால், எந்த ஊர்ச் சரக்கு வேண்டும் என்று அவரே சொல்லுவார், அடுத்த வருஷம் அந்த ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்பார். எஃப்.ஏ.க்யூ. விலைக்கு மேல் கொஞ்சம் கூடக் கிடைப்பது இப்படித்தான்.

செலவையும் பாருங்கள். நாலு ஆலைக்காரர்களை வரவழைத்து, ஓட்டல், வேன், சாப்பாடு கொடுத்து, வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கும் கூட்டிப்போய் அனுப்பினாலும், இங்கே ஆகும் செலவு பெரும்பாலும் கியாட்டில். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். பிரேசில்காரனால் முடியாதது இது ஒன்றுதான்.

குறைகளும் இருக்கின்றன. முதலில், வரச் சொன்னால் தயங்குகிறார்கள், செய்தி பார்க்கிறவர்கள்தானே. ரங்கூனும் பெகுவும் காட்டலாம், உளுந்துக்கு அது போதும். துவரை விளையும் சகாயிங், மாக்வே பக்கம் இப்போது விருந்தாளியைக் கூட்டிப்போக நான் பொறுப்பேற்க மாட்டேன். அடுத்து, கடன். ஆலைக்காரர்கள் ஒரு மாதம் தவணை கேட்பார்கள், இறக்குமதியாளர் ஆவணம் கைக்கு வந்ததும் பணம் கொடுத்துவிடுவார். 2024-லிருந்து பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூபாயிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, அது பணம் வரும் வழியை எளிதாக்கும், தராதவரைத் தர வைக்காது. மூன்றாவது, காகித வேலை. இறக்குமதி உரிமம், தாவர நலச் சான்றிதழ், பூச்சி கொல்லப் புகையூட்டியதற்கான சான்றிதழ் எல்லாம் சின்ன ஆலைக்காரருக்குத் தலைவலி. அதனால் சென்னை இறக்குமதியாளரை வெட்டிவிட்டுப் போகப் பார்க்காதீர்கள். அவரையும் அழைத்துக்கொண்டே ஆலைக்குப் போங்கள், அவருக்கும் கமிஷன் நிற்கும், உங்களுக்கும் ஆலைக்காரர் முகம் தெரியும். சுமார் 24 டன் பிடிக்கிற இருபதடிக் கண்டெய்னர் ஒன்றை நடுத்தர ஆலை தனியாகவே எடுத்துக்கொள்ளும்.

அவசரமும் இருக்கிறது. மொசாம்பிக்கோடு வருஷம் 2 லட்சம் டன் துவரைக்கும் மலாவியோடு 50,000 டன்னுக்கும் இந்தியா ஒப்பந்தம் போட்டது. பிரேசில் உளுந்து சாம்பிள் விருதுநகர் மேசைகளுக்கு வந்தாயிற்று. தூரத்தில் இருக்கிறவன் வீடு தேடி வரும்போது பக்கத்தில் இருக்கிற நாம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மூட்டையும் பாக்கெட்டும் இரண்டும் வைத்திருக்கிற சில வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்கள் மார்ச்சில் உளுந்துக்குத் தமிழ்நாடு போய்விட்டு, மே மாதம் பாக்கெட்டுக்குப் பாங்காக் போனால் ஒன்றையொன்று கெடுக்காது. யாரை அனுப்புவது என்பது இப்போது தனிச் சங்கடம், கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் இருப்பதால் வயசுப் பிள்ளைகளுக்குப் பயண அனுமதி கிடைக்கும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். நாற்பது தாண்டியவர்கள் அல்லது வீட்டுப் பெண்கள் போகலாம், உளுந்தைக் கையில் தேய்த்துத் தரம் சொல்வதில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சாம்பிளை ஊர்வாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, அறுவடை மாதத்தையும் ஈரப்பதத்தையும் பை மேலேயே எழுதி எடுத்துப் போங்கள், தாவரச் சான்றிதழ் இல்லாமல் விதையைப் பெட்டியில் வைத்துச் சென்னை விமான நிலையத்தில் இறங்காதீர்கள், பிடுங்கி வைத்துவிடுவார்கள்.