செயின் செட் சீக்கிரம் தேய்கிறதா? பின்சக்கரத்தை அளந்து பாருங்கள்

குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வர எனக்கு 150 சிசி பைக்தான். உப்புக்காற்று, வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், மணவாளக்குறிச்சி பக்கம் காற்றில் வந்து படியும் கறுப்பு மணல் எல்லாமே செயினுக்கு எமன். எண்ணெயில் ஒட்டிய மணல், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களை அராவிவிடும். ஆனாலும் இத்தனை வருஷ ஓட்டத்தில் நான் பார்த்தவரை, செயினும் ஸ்ப்ராக்கெட்டுகளும் சேர்ந்த செயின் செட்டை அதைவிடச் சீக்கிரம் தீர்ப்பது கோணலாக நிற்கும் பின்சக்கரம்.

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும். மெக்கானிக்குகள் பெரும்பாலும் அதைப் பார்த்தே, சக்கரத்தை முன்பின் நகர்த்தும் அட்ஜஸ்டரைத் திருகுகிறார்கள். நான் அந்தக் கோடுகளை நம்புவதில்லை. என் வண்டியில் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் வலப்பக்கம் ஏறக்குறைய 2 மி.மீ. பின்தள்ளி நிற்கிறது. பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியபோது பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

அளக்க ஒரு தடித்த ஜிஐ கம்பி போதும். இரண்டு முனைகளையும் ‘ப’ போல மடக்கினால் சைலன்சரைத் தாண்டி நிற்கும். ஒரு முனையை ஸ்விங் ஆர்மின் முன்முனையில் உள்ள போல்ட்டின் நடுவில் வைத்து, மறுமுனை சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நடுவில் சரியாக உட்காரும்படி செயின் பக்கத்தில் கம்பியைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதே கம்பி வலப்பக்கமும் பிசகாமல் பொருந்தினால் சக்கரம் நேர். ஸ்விங் ஆர்மே வளைந்திருந்தால் இந்த அளவு காட்டிக்கொடுக்காது. அதற்கு வண்டியின் பின்னால் குனிந்து, செயின் நேராக ஓடுகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

செயின் தொய்வைச் சக்கரத்தை உருட்டி உருட்டி, அதிகம் இறுகும் இடத்தில் பார்க்கணும். என் வண்டிக்கு 20 முதல் 30 மி.மீ. ரொம்ப டைட் வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங் போகும். ஆக்சில் நட்டை இறுக்கும்போது சக்கரம் லேசாக நகர்ந்துவிடும். செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே துணியைச் சுருட்டி வைத்துச் சக்கரத்தைக் கையால் உருட்டினால் ஆக்சில் முன்பக்கம் இழுபட்டு நிற்கும், அப்போது இறுக்குங்கள். அப்புறம் இன்னொரு தடவை அளக்கணும். இதெல்லாம் இஞ்சின் ஆஃப் செய்துவிட்டு மட்டும். ஓடும் செயினில் விரல் சிக்கினால் விரலே போய்விடும்.

ஆரல்வாய்மொழி கணவாயில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காற்றாக இருக்கலாம். காற்றே இல்லாத நேர் ரோட்டிலும் அதே பக்கம் இழுத்தால் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள்.

இப்போதைய செட் 20,000 கிலோமீட்டரைத் தாண்டியும் பற்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றன. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் மெல்லிய பிரஷால் கழுவி 90 கியர் ஆயில் விடுகிறேன். ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்.

டிரம் பிரேக் வண்டியானால் செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளும்போது பிரேக் ராடும் இறுகிவிடும். பெடல் ப்ளேயை, அதாவது பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவைச் சரிசெய்து, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே ரோட்டில் இறக்குங்கள்.