யூசிக்கு மாறுமுன் கோடை வகுப்பு: எந்தக் கோடை, எந்தக் கல்லூரி?

கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரி (இரண்டாண்டுக் கல்லூரி) ஒன்றில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கு யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு வளாகத்துக்கு மாறுவது செலவு குறைந்த, நம்பகமான வழி. கூப்பர்டினோ, ஃப்ரீமான்ட் பக்கத் தமிழ்க் குடும்பங்களிலும் இந்த வழியில் போகிற பிள்ளைகள் உண்டு. இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நேராக டி ஆன்சா போன்ற கல்லூரிகளில் வந்து சேர்கிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் மே மாதம் வந்தால் ஒரே கேள்விதான்: கோடையில் வகுப்பு எடுப்பதா, வேண்டாமா?

எந்தக் கோடையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மாறுவதற்கு முன் இரண்டு கோடைகள் வருகின்றன. முதலாமாண்டு முடிந்ததும் வருவது ஒன்று, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருவது இன்னொன்று. கல்லூரி, பாடம், கட்டணம் மூன்றும் அதேதான். ஆனாலும் இரண்டின் மதிப்பும் வேறு வேறு. என் கருத்தில் முதல் கோடை பொன்னானது. இரண்டாவதை மிகுந்த யோசனையோடுதான் தொட வேண்டும்.

முதல் கோடையின் கணக்கைப் பாருங்கள். யூசிக்கு விண்ணப்பிக்கும் காலம் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ முடிகிறது. அதற்கு முந்தைய கோடையில் வாங்கிய மதிப்பெண் விண்ணப்பத்தில் இடம்பெறும், ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணிலும் சேரும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் டேக் என்ற சேர்க்கை உறுதித் திட்டத்தை வைத்திருக்கின்றன. அதற்கான விண்ணப்பத்தைச் செப்டம்பரில் கொடுக்க வேண்டும். அந்தக் கோடை முடிவதற்குள் 30 செமஸ்டர் யூனிட்டுகளை (யூனிட் என்பது ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) முடித்திருக்க வேண்டும் என்பது இவற்றில் பல வளாகங்களின் நிபந்தனை. முதலாமாண்டில் 26 யூனிட்டோடு நிற்கும் மாணவருக்கு ஒரு கோடை வகுப்பு அந்தக் கதவையே திறந்துவிடும். தொடர்பாடங்களில் ஒருபடி முன்னேறவும் இது நல்ல நேரம். கால்குலஸ் ஒருபடி முன்னால் போனால் இயற்பியலும் அதோடு முன்னால் நகரும்.

கடைசிக் கோடையில் இந்த நன்மைகளில் எதுவுமே இல்லை. மூன்றாம் ஆண்டில் சேரத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுகளையும் கட்டாயப் பாடங்களையும் சேரும் ஆண்டின் வசந்தகாலப் பருவம் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதே யூசியின் பொது விதி. விட்டுப்போன கட்டாயப் பாடத்தைக் கோடையில் பிடித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கையிலிருக்கும் சேர்க்கையையே பணயம் வைக்கிறார்கள். போட்டி மிகுந்த பொறியியல், கணினி அறிவியல் துறைகளில் இந்த எண்ணமே ஆபத்து. கல்லூரி கவுன்சிலர் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னாலும், சேரப்போகும் வளாகத்தின் சேர்க்கை அலுவலகத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்காமல் நம்ப வேண்டாம்.

இன்னொரு வரம்பையும் கவனிக்க வேண்டும். கம்யூனிட்டி கல்லூரியில் எவ்வளவு படித்தாலும் யூசி அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்டுகளைத்தான் பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கும். அதற்கு மேல் படித்த பாடம் ஒரு தேவையை நிறைவேற்ற உதவும், ஆனால் யூனிட் எண்ணிக்கை கூடாது. ஏற்கெனவே 70ஐத் தொட்டவர், சீக்கிரம் பட்டம் வாங்கலாம் என்று கடைசிக் கோடையில் மேலும் இரண்டு வகுப்புகள் எடுத்தால் பணமும் உழைப்பும் வீண்.

அப்படியானால் கடைசிக் கோடைக்கு எது பொருந்தும்? சேரும் துறை ஏற்றுக்கொள்ளுமானால் பொதுப்பாடத் தொகுப்பில் மீதமுள்ள ஒன்று. அல்லது சேர்க்கைக்குத் தேவைப்படாத, ஆனால் பட்டத்துக்குத் தேவைப்படும் ஒரு பாடம். யூசிக்குப் போன பிறகு எடுத்தால் அது ஒரு முக்கியத் துறைப்பாடத்தின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கம்யூனிட்டி கல்லூரிப் பாடம் யூசியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் கல்லூரி, வளாகம் இரண்டின் பெயரையும் கொடுத்துப் பார்த்துவிடலாம். நண்பர் சொன்னார் என்று பதிவு செய்யாதீர்கள்.

இனி வேகம். பலரும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். மூன்று யூனிட் பாடம் ஒன்றுக்குச் செமஸ்டர் முழுவதுமாக ஏறக்குறைய 54 மணி நேர வகுப்பு இருக்கும். அதையே ஆறு வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 9 மணி நேரம். வகுப்பின் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மணி வீட்டுப்படிப்பு என்ற வழக்கமான கணக்கைச் சேர்த்தால் 27 மணி. ஐந்து யூனிட் கால்குலஸ் என்றால் 45 மணி நேரம். முழுநேர வேலையை விட அதிகம். கடையில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு கோடை வகுப்புகள் எடுக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். வரலாறு, பொதுமக்கள் தொடர்பு போன்றவை இந்த வேகத்தைத் தாங்கும். கணிதமும் வேதியியலும் பழகிப் பழகி மனதில் ஊற வேண்டியவை. ஆறு வாரத்தில் தேறிவிடலாம். ஆனால் அடுத்த பாடத்தில் அடித்தளம் ஆடும். பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்திலேயே அந்த அடுத்த பாடம் காத்திருக்கும் என்பதால், கடைசிக் கோடையில் எடுக்கும் கணிதம் எனக்கு எப்போதும் கவலை தருகிறது.

தொடர்பாடத்தைப் பாதியில் இன்னொரு கல்லூரிக்குக் கொண்டுபோவதும் சிக்கல். டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு குவார்ட்டர்களாக (செமஸ்டரை விடக் குறுகிய பருவங்கள்) நடக்கிறது. செமஸ்டர் கல்லூரிகளில் அதே பாடத்திட்டம் பொதுவாக மூன்று செமஸ்டர். இரண்டு குவார்ட்டர் இங்கே படித்துவிட்டு மூன்றாவதைச் செமஸ்டர் கல்லூரி ஒன்றின் கோடை வகுப்பில் எடுத்தால் சில தலைப்புகள் இரண்டு முறை வரும், சில வராமலே போகும். தொடங்கிய இடத்திலேயே முடிப்பது நல்லது.

சேர்க்கை கிடைத்த பிறகு இன்னொரு வழியும் உண்டு: பல்கலைக்கழகத்தின் சொந்தக் கோடைப் பருவத்தில் சேர்வது. இங்கே இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவாசிக்குக் கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர்தான்; நான்கு யூனிட் பாடம் 184 டாலர். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பிராமிஸ் கிராண்ட் என்ற உதவித் திட்டம் அதையும் தள்ளுபடி செய்துவிடும். பல்கலைக்கழகக் கோடைப் பருவம் இதைப்போலப் பல மடங்கு செலவு. பணம் மட்டுமே அளவுகோல் என்றால் விவாதமே இல்லை.

எஃப்-1 மாணவருக்கோ கணக்கு மாறுகிறது. கம்யூனிட்டி கல்லூரியில் அவர் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டும். பல கல்லூரிகளில் அது ஒரு யூனிட்டுக்கு 300 டாலரைத் தாண்டும். யூசியின் வழக்கமான பருவங்களில் வெளிநாட்டு மாணவர்கள் கட்டும் பெரிய கூடுதல் கட்டணமோ கோடைப் பருவத்தில் கிடையாது. ஆகவே அவருக்கு இரண்டு இடங்களுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். மாறிய பிறகு வரும் கோடையில் யூசியிலேயே ஒரு கனமான பாடத்தை எடுப்பது அவருக்கு நல்ல சிக்கனம். ஆனால் மாறும் கோடையில் செவிஸ் பதிவு (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு) எந்தத் தேதியில் கைமாறுகிறது என்பதை இரு பக்கத்து வெளிநாட்டு மாணவர் அலுவலகங்களிடமும் உறுதி செய்துகொண்ட பிறகே எதற்கும் பதிவு செய்ய வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில் இரண்டும் நேரெதிர். கம்யூனிட்டி கல்லூரியில் வாங்கிய கிரேடு யூசியின் ஜிபிஏவுக்குள் வராது. பாடம் மட்டும் மாறிவரும். யூசி கோடைப் பருவத்தில் வாங்கியது அங்கே உங்கள் ஜிபிஏவின் முதல் எண்ணாகிவிடும். தன்னம்பிக்கை உள்ளவர் ஒரே ஒரு பாடத்தோடு அங்கே தொடங்கினால் பேராசிரியர்களின் எதிர்பார்ப்பும் வளாகத்தின் வேகமும் முன்கூட்டியே பிடிபடும். களைத்துப்போனவர் அதே முயற்சியில் இறங்கினால் முதல் பருவத்துக்குள் சரிந்த ஜிபிஏவோடு நுழைவார்.

களைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளும் இடைவிடாமல் படித்தவர், முதல் கோடையிலும் வகுப்பு எடுத்தவர், கடைசிக் கோடையில் ஓய்வெடுத்தாலோ வேலை பார்த்துப் பணம் சேர்த்தாலோ அதைச் சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. எஃப்-1 மாணவரும் விடுமுறையில் வளாகத்துக்குள் முழுநேர வேலை பார்க்கலாம். வீடு பார்ப்பதும் ஊர் மாறுவதும் அந்தக் கோடையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கடைசிக் கோடையில் வகுப்பு எடுப்பது என்று முடிவு செய்தால் இரண்டு வேலைகளை மறக்காதீர்கள். விண்ணப்பத்தில் குறிப்பிட்ட வகுப்பைக் கைவிட்டாலோ மாற்றினாலோ வளாகத்துக்கு உடனே தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் சேர்க்கை ரத்தாகும் வாய்ப்பு உண்டு. வசந்தகாலம் வரையிலான ட்ரான்ஸ்கிரிப்டுக்கு (மதிப்பெண் பட்டியலுக்கு) வழக்கமான கெடு ஜூலை 1. கோடை மதிப்பெண் வந்ததும் இன்னொரு முறை கல்லூரியிலிருந்து அதிகாரபூர்வ ட்ரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்ல வேண்டும், அது தானாகப் போய்ச் சேராது.