மூன்று டியூப் ரத்தமும் 87 டெஸ்டும்: மாஸ்டர் ஹெல்த் செக்கப் வாங்குமுன்

விளம்பரத்தில் '87 டெஸ்ட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வீட்டுக்கு வருபவர் எடுத்துப்போவதோ மூன்று டியூப் ரத்தமும் ஒரு டப்பா சிறுநீரும். இதிலிருந்து 87 எப்படி வருகிறது?

ரத்த அணுக்கள் எண்ணும் சிபிசி ஒன்றிலேயே சுமார் 24 வரிகள். சிறுநீர்ப் பரிசோதனையில் நிறம், தெளிவு, அடர்த்தி என்று 20. ஈரல் 12, கொழுப்பு 9, சிறுநீரகம் 7, இரும்புச்சத்து 4, தைராய்டு 3, சோடியம் பொட்டாசியம் வகை 3, மூன்று மாதச் சராசரி சுகர் காட்டும் எச்பிஏ1சி 2, வெறும் வயிற்றுச் சுகர் 1, வைட்டமின் டி, பி12 இரண்டும் சேர்ந்தால் 87 ஆகிவிட்டது. இவற்றில் கணிசமானவை மெஷினுக்குள் போகவே இல்லை. வெறும் கணக்கு. விஎல்டிஎல் என்ற கொழுப்பு அளவு டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தது. குளோபுலின் என்பது மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தது. 'சராசரி குளுக்கோஸ்' என்பது எச்பிஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தது. ஏமாற்று என்று சொல்ல முடியாது, எல்லா லேபும் இப்படித்தான் எண்ணுகிறது. ஆனால் 64 டெஸ்ட் பேக்கேஜைவிட 87 டெஸ்ட் பேக்கேஜ் நல்லது என்று நினைத்துக் கூடுதல் பணம் கட்டினால் நஷ்டம் நமக்கு.

எண்ணிக்கை கூடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிப்போர்ட்டில் அச்சாகும் 'நார்மல் அளவு' பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்குள் வரும் அளவு. அதாவது நோயே இல்லாத இருபது பேரில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் குறைந்தது ஒரு வரியாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. பேக்கேஜ் பெரிதாகப் பெரிதாகக் காரணமில்லாத பயமும் பெரிதாகும்.

எட்டு விஷயங்கள் காசுக்குத் தகும்: சிபிசி, எச்பிஏ1சி, வெறும் வயிற்றுச் சுகர், கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஈரல் என்சைம்கள், டிஎஸ்எச் (தைராய்டுக்கு), சிறுநீர். இவை இருக்கும் 1,500 ரூபாய் பேக்கேஜ் 4,000 ரூபாய் பேக்கேஜுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. வைட்டமின் டி-யும் பி12-உம் தள்ளுபடி விலையில் வந்தால் சரி. அறிகுறியே இல்லாதவர் ஆண்டுதோறும் பார்க்கத் தேவையில்லை. (சைவ உணவுக்காரர்களும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடங்களாக எடுப்பவர்களும் பி12 பார்க்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது.)

சரி, இந்த எட்டில் ஆரம்ப மாற்றம் எங்கே தெரியும்? பலர் ரிப்போர்ட்டைத் திறந்து சிவப்பு எழுத்தைத் தேடுவார்கள், இல்லையென்றால் மூடிவிடுவார்கள். 45 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று வருடம் முன்பு கிரியாட்டினின் 0.7, இந்த வருடம் 1.0 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே பல லேப்களின் நார்மல் அளவுக்குள்தான், கறுப்பு எழுத்தில்தான் வரும். ஆனால் வயதையும் கிரியாட்டினினையும் வைத்துக் கணக்கிடும் 2021 சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 111-லிருந்து 71-க்கு இறங்கியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. முந்தைய நாள் கறிச் சாப்பாடு, தண்ணீர் குடிக்காமல் விட்டது, வேறு லேப் வேறு மெஷின் என்று எளிய காரணமும் இருக்கலாம். இரண்டு வாரத்தில் அதே லேபில் மறுபடி பார்த்து, அப்போதும் 1.0 என்றால் டாக்டரிடம் போக வேண்டும். ஹீமோகுளோபின் 13.8-லிருந்து 12.1-க்கு இறங்கி, கூடவே எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 88-லிருந்து 79 ஆகியிருந்தாலும் அப்படித்தான். பெண்ணுக்கு 12-க்கு மேல் இருப்பதால் ஹீமோகுளோபின் வரி கறுப்பாகவே இருக்கும், ஆனால் உடம்பில் இரும்பு தீர்ந்துகொண்டிருக்கலாம். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இப்படி இறங்கினால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆக, ஒரே லேபில் தொடர்ந்து எடுப்பதும் பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைப்பதும் பேக்கேஜின் பாதி மதிப்பு. தள்ளுபடிக்காக வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

எச்பிஏ1சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் குழப்புவது இதுதான். 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நிலைகளிலும், சமீபத்தில் ரத்தம் இழந்திருந்தாலும் பொய்யாக இறங்கும். வெறும் வயிற்றுச் சுகர் 88, எச்பிஏ1சி 6.0, ஹீமோகுளோபின் 9.8 என்று ஒரு பெண்ணின் ரிப்போர்ட் வந்தால் சர்க்கரை என்று முடிவுகட்டி அரிசியை நிறுத்துவதற்கு முன் இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பதே முறை. சந்தேகம் தீரவில்லையென்றால் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. பெரும்பாலான பேக்கேஜுகளில் அது இருக்காது, தனியாகக் கேட்க வேண்டும்.

இனி வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் சேவையின் தரம். இங்கேதான் வித்தியாசம் பெரிது, விளம்பரத்தில் தெரியாதது. சுகருக்கான ரத்தம் சாம்பல் நிற மூடியுள்ள டியூபில் போக வேண்டும். அதிலுள்ள ஃபுளோரைடு, அணுக்கள் குளுக்கோஸைத் தின்பதைத் தடுக்கிறது. சாதா டியூபில் எடுத்து அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சுகர் குறைந்துகொண்டே போகும். காலை ஆறரைக்கு எடுத்த ரத்தம் நாலு வீடு சுற்றிப் பத்து மணிக்கு லேப் போய்ச் சேர்ந்தால் 118 இருந்தவருக்கு நூற்றுக்குள் வந்து நார்மல் என்று ரிப்போர்ட் வரும். ஆகவே சாம்பல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஊதா மூடி சிபிசி-க்கும் எச்பிஏ1சி-க்கும், மஞ்சள் அல்லது சிவப்பு மூடி மற்றவற்றுக்கு. ஊதா டியூபிலுள்ள மருந்து ஒரு சொட்டு மஞ்சள் டியூபில் கலந்தாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியம் விழும். அதனால் மஞ்சள் முதலில், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. விரலை மூடி மூடித் திறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பொட்டாசியம் அதனாலும் ஏறும். டியூபில் பெயர் ஒட்டுவது உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி பைக்கில் உட்கார்ந்து ஒட்டுகிறவர்களால்தான் ஆள் மாறிப்போகிறது.

நம் பக்கத் தவறுகளும் குறைவில்லை. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு போதும். பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பது டெஸ்டைக் கெடுக்கும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடித்தால் நரம்பும் எளிதில் கிடைக்கும். சர்க்கரை போடாத காபியும் கூடாது. பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போலப் போடலாம், சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் வரை நிறுத்தி வைக்கலாம். முந்தைய இரவு மது அருந்தினால் டிரைகிளிசரைடு ஏறும். முந்தைய நாள் ஜிம்மில் கடுமையாக உழைத்தால் ஈரல் என்சைம் ஏஎஸ்டி ஏறும். தலைமுடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பல மெஷின்களில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து, தைராய்டு அதிகம் சுரப்பதுபோல் காட்டும். காய்ச்சல் வந்து போன இரண்டு வாரத்துக்குள் செக்கப் வேண்டாம்.

சாப்பிட்ட பிறகான சுகரில் ஒரு சின்ன விஷயம்: இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. ஆஸ்பத்திரி கேன்டீனில் கூப்பனுக்கு இட்லி, பொங்கல், வடை முடித்து, காபி குடித்து, கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணினால் அரை மணி நேரம் பிசகும்.

வீட்டு பேக்கேஜின் மிகப் பெரிய ஓட்டை வேறு. அவர்கள் பெரும்பாலும் ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் (INDIAB) என்ற நாடு தழுவிய ஆய்வு இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்கிறது. 87 டெஸ்டில் ஒன்றுகூட இதைக் காட்டாது. ஆஸ்பத்திரியிலும் லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறி வந்தவரை உட்காரவைத்த நொடியில் பட்டையைச் சுற்றுகிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, சிறுநீர் கழித்துவிட்டு, பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் அது அளவு. குண்டான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடும். வீட்டில் நல்ல மெஷினில் ஒரு வாரம் பார்த்து சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் போகலாம்.

இரண்டாவது ஓட்டை சிறுநீர். சிறுநீரில் தோய்க்கும் சாதாரணப் பட்டை டெஸ்ட், புரதம் நிறையக் கசிந்த பிறகுதான் நிறம் மாறும். சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கத் தொடங்குவதை முதலில் காட்டுவது சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்தான் ஆகும், கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி-க்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரி மாஸ்டர் செக்கப்பில் ரத்தத்தோடு ஈசிஜி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், டாக்டர் ஆலோசனை சேரும். ஸ்கேனுக்கு வெறும் வயிறும் நிறைந்த சிறுநீர்ப்பையும் வேண்டும். முதலில் ஸ்கேன் முடித்துவிட்டுச் சிறுநீர் டப்பாவை நிரப்புவதுதான் வரிசை, மாறினால் மறுபடி ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நம்மூரில் அடிக்கடி வருவது 'ஃபேட்டி லிவர் கிரேடு 1'. பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஈரலின் நிலையை மதிப்பிட எஃப்ஐபி-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது: வயதை ஏஎஸ்டி-யால் பெருக்கி, அதை பிளேட்லெட் ஆயிரங்களையும் ஏஎல்டி என்ற இன்னொரு ஈரல் என்சைமின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 50 வயது, ஏஎஸ்டி 44, ஏஎல்டி 52, பிளேட்லெட் 1,80,000 என்றால் 1.69 வரும். 1.3-க்கு மேல் இருப்பதால் ஈரல் இறுகுகிறதா என்று ஃபைப்ரோஸ்கேன் பார்க்கக் கேட்கலாம். எல்லா எண்ணும் கையில் இருந்தும் பல ரிப்போர்ட்டுகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

'பிளாட்டினம்' வகைகளில் சேர்க்கும் டிஎம்டி (நடைமெஷின் டெஸ்ட்), எக்கோ (இதய ஸ்கேன்), புற்றுநோய் மார்க்கர்கள் மூன்றும் அறிகுறி இல்லாதவருக்குப் பெரும்பாலும் வீண். நடைமெஷின் டெஸ்ட் நெஞ்சுவலியே இல்லாத இளம் பெண்களுக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டி, அங்கிருந்து ஆஞ்சியோ வரை இழுத்துப்போகும். சூலகப் புற்றுநோய்க்கான மார்க்கர் சிஏ-125 மாதவிடாய் நாட்களிலும் கருப்பை நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் போன்ற புற்றுநோய் அல்லாதவற்றிலும் ஏறும். மாறாக, 30 வயது தாண்டிய பெண்களுக்கு உண்மையில் உயிர் காக்கும் கருப்பைவாய்ப் பரிசோதனையைப் பல பேக்கேஜுகள் 'விருப்பத் தேர்வு' என்று ஒதுக்கிவிடுகின்றன. புகையிலை போடுபவரின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம், அதையும் பேக்கேஜுகளில் செய்வதில்லை.

இந்த இரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் செய்கிறது. 30 வயது முதல் பிரஷர், சுகர், வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். கொழுப்பும் தைராய்டும் ஒரே நாளில் வேண்டுமென்றால், சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2016-இல் 1,000, 2,000, 3,000 ரூபாய் என மூன்று அடுக்கில் தொடங்கிய முழு உடல் பரிசோதனை இருக்கிறது. அரசு இடங்களில் குறை கூட்டமும் காத்திருப்பும்தான்.

யாருக்கு எவ்வளவு அடிக்கடி? சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமான எம்டிஆர்எஃப் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். வயது 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-உம் மேலும் 30. இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ.க்குக் கீழ், பெண்ணுக்கு 80-க்குக் கீழ் என்றால் 0. அதிலிருந்து 10 செ.மீ. வரை 10, அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் 20, எதுவும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு 10, இருவருக்கும் 20. அறுபதைத் தொட்டால் வருடம் ஒரு முறை சுகர் பார்க்கலாம். முப்பதுக்குள் இருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

புக் பண்ணும்முன் போனில் நாலு கேள்வி கேளுங்கள். ரத்தம் பரிசோதிக்கும் லேபுக்கு என்ஏபிஎல் (லேபுகளின் தரத்தைச் சோதிக்கும் அமைப்பு) அங்கீகாரம் உண்டா, அந்த அங்கீகாரப் பட்டியலில் நீங்கள் எடுக்கும் டெஸ்டுகள் இருக்கின்றனவா. எடுத்த எத்தனை மணி நேரத்தில் லேபுக்குப் போகும். போன வருட எண்களை இந்த வருட ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே போட்டுத் தருவார்களா. கடைசியில் டாக்டரோடு பேச எத்தனை நிமிடம். நான்காவதற்கு 'ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும் சார்' என்று பதில் வந்தால், அந்தப் பேக்கேஜின் பணத்தில் பாதியை உங்கள் தெரு டாக்டரின் ஃபீஸுக்கு எடுத்து வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் பில்லையும் எடுத்து வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் மொத்த வரம்புக்குள் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு, ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.