ஜிம்ப் பிளக்-இன்: ஆப்ட்டா, ஃபிளாட்பேக்கா, கையால் கம்பைலா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் டப்பாக்களுக்கு லேபிள் வடிவமைக்கும் கடை எங்களுடையது. பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்கிவிட்டால் ராத்திரி பகல் தெரியாது. கடை மெஷினில் உபுண்டு லினக்ஸ் 24.04, படம் திருத்தும் ஜிம்ப் 2.10. அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்-இன்னான ஜிமிக் ஃபில்டர் வேண்டியிருந்தது; மூன்று வழியிலும் போட்டுப் பார்த்தாயிற்று.

முதலில் ஆப்ட், உபுண்டுவோடு வரும் நிறுவி: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிம்ப்-ஜிமிக்’. ஒரே வரி. டீ குடித்துவிட்டு வந்தால் மெனுவில் வந்து உட்கார்ந்திருக்கும். பதிப்பு கொஞ்சம் பழசு, அவ்வளவுதான் குறை.

எந்த லினக்ஸிலும் ஓடும் தனிப் பொட்டலமான ஃபிளாட்பேக்கில் புதுப் பதிப்பு கிடைக்கும். ஆனால் அது ஓடத் தேவையான ரன்டைமையும் சேர்த்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆரம்பிக்காதீர்கள். அது தனிக்குடித்தனம் வேறு, வெளியே ஆப்ட் போட்டது அதன் கண்ணில் படாது. தர்மபுரியிலிருக்கும் தம்பி ஃபிளாட்பேக் ஜிம்ப்பை வைத்துக்கொண்டு பிளக்-இன்னை ஆப்ட்டில் போட்டுவிட்டு, “மெனுவுல காணோம்ணா” என்று போன் பண்ணினான். எப்படித் தெரியும்? பிளக்-இன்னையும் ஃபிளாட்பேக்குகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

மூலநிரலிலிருந்து கையால் கம்பைல் செய்வதில்தான் கூத்து. கம்பைலுக்கு எல்லாவற்றையும் தயார் செய்யும் சிமேக்கை ஓட்டியதும் ‘நோ பேக்கேஜ் ஜிம்ப்-2.0 ஃபவுண்ட்’ என்றது. கண்ணெதிரே ஜிம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, இது இல்லை என்கிறது! ஓடும் நிரல் வேறு, கம்பைலருக்குத் தேவையான ஹெடர் கோப்புகள் வேறு, அவை லிப்ஜிம்ப்2.0-டெவ் பொதியில் இருக்கின்றன. அதைப் போட்டு, ஜன்னல், பொத்தான்களுக்கான க்யூடி டெவ் பொதிகளையும் போட்டு, நான்கு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டும் ‘மேக் -ஜே4’ கொடுத்தால் 4 ஜிபி ராம் மெஷின் உறைந்தது. கடைசியில் ‘கில்டு’ என்று ஒரு வரி. நினைவகம் தீர்ந்து லினக்ஸே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. ‘-ஜே1’ கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சிரமமாவது ஒரு நாளோடு போகும். ஜிம்ப் 3.0 2025 மார்ச்சில் வந்தபோது பிளக்-இன் ஜிம்ப்போடு பேசும் ஏபிஐயே மாறிவிட்டது. 2.10-க்குக் கட்டியது அதில் ஓடாது, மூலநிரலே 3.0-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆப்ட்டில் கிடைக்கும் பிளக்-இன் அதே ஆப்ட் ஜிம்ப்புக்கு ஏற்றபடியே கட்டியிருக்கும். கையால் கட்டியதை நாம்தான் ஞாபகம் வைத்திருந்து மறுபடி கட்ட வேண்டும். கழற்றுவதும் நம் தலையில்தான். பில்ட் ஃபோல்டரில் சிமேக் விட்டுவைக்கும் இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட் கோப்பை அழித்துவிடாதீர்கள். எதை எங்கே வைத்தது என்ற பட்டியல் அது.

ஒற்றை சி கோப்பாக வரும் சின்ன பிளக்-இன் என்றால் கதை வேறு. ‘ஜிம்ப்டூல்-2.0 --இன்ஸ்டால்’ என்று கோப்பின் பெயரோடு அடித்தால், கம்பைல் செய்து நம் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிடும். சூடோ, அதாவது நிர்வாகி அனுமதி, வேண்டாம். அதற்கு மட்டும் நான் யோசிப்பதில்லை. மற்றபடி சீசன் முடியும் வரை கடை மெஷினில் ஆப்ட்தான். சிமேக் விளையாட்டெல்லாம் வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பில்.