கால்வாய்க் கரையா, அரிட்டாபட்டிக் குன்றுகளா?

மதுரைப் பக்கம் வாகன இரைச்சலின்றிச் சரளைமண் தடத்தில் சைக்கிள் ஓட்ட விரும்புவோருக்குப் பெரியாறு பிரதானக் கால்வாய்க் கரை எளிதானது. ஏற்ற இறக்கம் குறைவு என்பதால், புதிதாகப் பழகுபவர்களும் களைப்பின்றி ஓட்டலாம். ஆனால் மழைக்குப் பின் அங்கே களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பிரேக்கையே அடைத்துவிடும்.

என் மனம் நாடுவது மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டியைத்தான். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில், குன்றுகளுக்கும் கண்மாய்களுக்கும் இடையே வளைந்து செல்லும் மண்தடங்களில், சரளை நொறுங்கும் ஓசையோடு தலைக்கு மேல் வட்டமிடும் வல்லூறுகளையும் பார்த்தபடி செல்லலாம். சமணர் படுக்கையும் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் அமைந்த கல்வெட்டும் அங்கேயே உள்ளன. சரளைத் தடத்துக்கு 40 மில்லிமீட்டர் அகல டயரும், சீமைக்கருவேல முள் டயரைத் துளைக்கும் என்பதால் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கட்டாயம் தேவை.